ஆட்சேபணை இல்லை

பிப்ரவரி 4

பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடுவாயோ என்ற பயத்தில், உறை மேல் முகவரியை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவரை எழுதச் சொன்னேன். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. போனில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன் என்று தோன்றியது.

விஷயம் இதுதான். சிறை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. உன் அண்ணனோடு லிஃப்ட் வேலை பார்த்த ஒல்லிக்கு ஐந்து வருஷத் தண்டனையில் பாதி முடிந்துவிட்டது. நடத்தை நன்றாக இருக்கிறதாம், முன்னதாகவே வெளியே விடலாமா என்று யோசிக்கிறார்கள். இறந்தவரின் குடும்பத்தில் இரண்டு பேரிடம் கருத்துக் கேட்கிறார்கள். நெருங்கிய உறவு என்று உன் அண்ணன் கம்பெனியில் எழுதிக்கொடுத்திருந்தது நம் இருவரைத்தான். 'ஆட்சேபணை இல்லை', 'ஆட்சேபணை உண்டு' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் ஆட்சேபித்தாலும் மீதிக் காலமும் அவன் உள்ளேதான்.

நான் முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கையெழுத்துக்காகப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு நேராக அவர்களுக்கே அனுப்பிவிடு.

போன மாதம் எங்கள் சபையில் என்னை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். என் கணவரின் சாவுக்குக் காரணமானவரை மன்னித்துவிட்டேன் என்று இருநூறு பேர் முன்னால் சொன்னேன். உங்கள் வீட்டில் பதினோரு வருஷம் மருமகளாக இருந்தும் 'மன்னிப்பு' என்ற சொல்லை யார் வாயிலும் நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது கட்டளை. மனசுக்குப் பிடித்தால் செய்வது, இல்லாவிட்டால் விடுவது என்று கிடையாது.

ஒல்லிக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. யோசித்துச் செய்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

பிரித்தேன். முகவரி எழுதியவரின் கையெழுத்து அவ்வளவு அழகு, யாரோ கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இங்கே துறைமுக வாசலில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். லாரிகளைக் காலியாக ஒருமுறை நிறுப்பேன், சரக்கோடு ஒருமுறை நிறுப்பேன். 'முன்னால எடு', 'பின்னால எடு', 'நிறுத்து'. ஒரு நாளில் மனிதர்களிடம் நான் பேசுவது இந்த மூன்றும்தான். இந்த லட்சணத்தில் உங்களைப் போல இருநூறு பேரை நான் எங்கே தேடுவேன்? சொன்னதும் கை தட்டினார்களா?

அவன் என்ன செய்தான் என்பது உங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அண்ணன் கீழே லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். 'ஆள் உள்ளே இருக்கிறார், தொடாதே' என்ற பலகையை மொட்டைமாடி அறையிலிருந்த மெயின் ஸ்விட்சில் அவனே மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். ஒல்லி அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டான். லிஃப்ட் இறங்கியது.

அதோடு நின்றிருந்தால் பதற்றத்தில் செய்துவிட்டான் என்று நானும் ஒருநாள் விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கே விசாரணையில் என்ன சொன்னான்? "நான் கீழ பாத்துக் கூப்பிட்டேன். அவருதான் 'போடு'ன்னாரு. வெளிய வந்துட்டாருன்னு நெனச்சேன்." செத்தவன் எழுந்து வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டான் என்கிற தைரியம். பதினான்கு மாதம் அதையே சொன்னான். ஒரு திருகாணியைக்கூட மூன்று முறை பார்க்கிற மனுஷனைக் கம்பெனி 'கவனக்குறைவானவர்' என்று எழுதியது. ஊர் நம்பியது. எல்லாரும் நம்பினோம்.

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்று யாரும் சொல்லித்தரவில்லை, உண்மைதான். செய்தவன் அனுபவிப்பான் என்று சொல்லித்தந்தார்கள். அதைக் கூட்ட நமக்கு அதிகாரம் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் மேல் எனக்கு வன்மம் கிடையாது. அவன் பாடு அவனோடு. நடுவில் போய்க் கதவைத் திறந்துவிட நான் யார்?

படிவம் இழுப்பறையில் இருக்கிறது. இரண்டாவது கட்டத்தில்தான் குறி போடுவேன். கடைசி நாள் ஏப்ரல் முப்பது என்று இருக்கிறது. அவசரமில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் பார்த்தாயிற்று.

பாப்பா


மார்ச் 1

பாப்பாவுக்கு,

கை தட்டினார்கள். நீ குத்திக்காட்டத்தான் கேட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

கட்டிப்பிடித்தார்கள். ஒரு அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா உன்னால முடிஞ்சுது? என்னால எல்லாம் முடியாதுப்பா" என்றார். பிறகு வீட்டுக்கு வந்தேன். ஆறு மாடியும் படியேறித்தான். நாலு வருஷமாக நான் லிஃப்டில் ஏறுவதில்லை. அன்றைக்குப் பிறகு சபையிலிருந்து யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை. முன்பெல்லாம் வாரம் ஒருவராவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். மன்னித்து முடித்தவளுக்கு இனி ஆறுதல் எதற்கு? இப்போது நான் முகம் வாடி உட்கார்ந்தால், இன்னும் என்ன என்பது போலப் பார்க்கிறார்கள்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒல்லியின் மனைவி கடைக்கு வந்திருந்தாள். நான் உள்ளே லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கால் உடைந்த கண்ணாடியோடு ஒரு பெண் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்த் திருகாணி போட்டுக் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டு, நகராமல் என்னையே பார்த்தாள்.

"கண்ணாடி சும்மா சாக்குக்கா. நான் ஒல்லியோட சம்சாரம்."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பொய் சொன்ன பிறகும் அவன் ஒரு வேளைத் தொழுகைகூடத் தவறவில்லையாம். ஆனால் முடித்து எழுந்திருக்க மாட்டானாம். அப்படியே உட்கார்ந்திருப்பானாம். ஒருநாள் இவள் கேட்டிருக்கிறாள். "ஆண்டவனுக்குப் பண்ணின தப்ப ஆண்டவன் மன்னிப்பான். மனுஷனுக்குப் பண்ணினத அந்த மனுஷன் விட்டுக்கொடுத்தாத்தான் உண்டு. அவரு மண்ணுக்குள்ள போயிட்டாரு. நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?" என்றானாம். மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். அவனை யாரும் பிடிக்கவில்லை, பாப்பா. யாருக்கும் சந்தேகம்கூட இல்லை. பதினான்கு மாதம் கழித்துத் தானாகப் போய்ச் சொன்னான்.

மூன்று வீட்டிலும் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு, கேட்காவிட்டாலும் மன்னித்துவிடு. உங்களுக்கு, நீ யார் மன்னிக்க? அவனுக்கு, நேரில் போய்க் கேள். இதில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வழிதான் கஷ்டமானது என்று மட்டும் தோன்றுகிறது.

அவனுடைய பொய் உன்னை மட்டும் ஏன் இவ்வளவு சுடுகிறது என்று யோசித்துப் பார்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

அவனைப் பார்க்கப் போனேன். நீங்கள் சொல்லிப் போனதாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் லீவு இருந்தது. சிறை இங்கிருந்து மூன்று மணி நேரம்தான்.

நீளமான ஒரு அறை. நடுவில் மேசை. அவனை இன்னும் ஒல்லி என்றுதான் கூப்பிடுகிறார்களா தெரியவில்லை, ஆள் ஊதியிருக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நெத்தி அப்படியே அவர மாதிரி இருக்கு."

"நெத்தியப் பத்திப் பேச வரல. அன்னிக்கு நீ கீழ பாத்துக் கூப்பிட்டியா, இல்லையா?"

"கூப்பிடல."

"ஏன்?"

"ஒன்பதாவது மாடியில ஒரு பெரியவர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. வீட்டு ஆளுங்க மேல ஓடி வந்து கத்தறாங்க. ரொம்ப நேரம் ஆச்சே, அவரு வெளிய வந்திருப்பாருன்னு நானே நெனச்சுக்கிட்டேன். எட்டிப் பாத்து ஒரு குரல் குடுத்திருக்கலாம். குடுக்கல."

"அந்தப் பெரியவர்?"

"பொழச்சிட்டாரு. ஒண்ணு போச்சு, ஒண்ணு நின்னுச்சுன்னு அதையே சொல்லி ஒரு வருஷம் மனசத் தேத்திப் பாத்தேன். தேறல."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். வெளிய வர்றதுக்காக இல்ல. அந்தப் பேப்பர்ல நீங்க எதுல வேணா குறி போடுங்க. இது வேற."

"நான் மன்னிக்கலன்னா?"

"கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"நான் செத்துட்டா?"

"ஏற்கெனவே ஒருத்தர்கிட்டக் கேக்காம விட்டுட்டேன். அதான் பயமா இருக்கு" என்றான்.

எனக்கு 'முன்னால எடு', 'பின்னால எடு' தவிர வேறு பேச்சு மறந்துபோயிற்றோ என்னவோ.

இன்னொன்றும் சொன்னான். அண்ணனைப் பற்றி, அந்தக் காலையைப் பற்றி. அதை இப்போது எழுதக் கை வரவில்லை.

படிவம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

பாப்பா


மார்ச் 27

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை படித்தபோது கோபம் வந்தது. சிறை வரைக்கும் போகக் கால் வந்திருக்கிறது உனக்கு. என் வீடு வரைக்கும் வரவில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

அவரை எடுப்பதற்கு முன்னால், அத்தனை ஜனத்துக்கு நடுவில், நீ என்னைப் பார்த்துச் சொன்னாய். "காலங்காத்தால சண்ட போட்டு அனுப்பினீங்களே, அண்ணி. அந்த நெனப்புலதான் எங்கண்ணன் கவனமில்லாமப் போய் மாட்டிக்கிட்டான். நீங்கதான் கொன்னீங்க." உன் வாய் கோணிக்கொண்டு, தலைமுடி கலைந்து நீ நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் பதில் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? நானும் நம்பினேன்.

அன்று காலை சண்டை எதற்கு என்று நீ என்றைக்காவது கேட்டாயா? ஜன்னல் கொக்கி. மூன்று வாரமாக உடைந்து கிடந்தது. ஊர் லிஃப்டை எல்லாம் சரிபண்ணுகிற மனுஷனுக்கு வீட்டு ஜன்னலுக்கு ஒரு கொக்கி போடத் துப்பில்லை என்றேன். அவ்வளவுதான் சண்டை. அதற்குப் பதினான்கு மாதம் கொலைகாரியாக இருந்தேன். கடையில் லென்ஸைத் தேய்க்கும்போது, சக்கரம் சுற்றுகிற சத்தத்தில் உன் குரல் கேட்கும்.

பிறகு ஒல்லி உண்மையைச் சொன்னான். உன் அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை, என் மேலும் இல்லை என்று ஆயிற்று. அன்று மாலை டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடுவாய் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். விசாரணை நடந்த அத்தனை நாளும் நீதிமன்றத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்ப்பு வந்ததும் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டாய்.

நீ சொன்ன சொல்லைக்கூட நான் விட்டுவிடுவேன். துக்கத்தில் எதுவும் வரும். உண்மை தெரிந்த பிறகு நீ பேசாமல் இருந்தாயே, அதைத்தான் முடியவில்லை.

ஒல்லியை மன்னித்தேன் என்று சபையில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உன்னை முடியவில்லை. பிரார்த்தனையில் தீங்கு செய்தவர்களைப் பற்றிய இடம் வரும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது. வாரா வாரம் அந்த இடத்தில் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு உட்காருகிறேன்.

எழுதிவிட்டேன். கிழித்துப்போடும் முன்னால் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கூண்டில் வைத்துத்தான் படித்தேன். மேடை மேல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "என்னம்மா, எடை வரலையா?" என்று கேட்டார். வந்துவிட்டது போங்கள் என்று எதையோ எழுதிக்கொடுத்து அனுப்பினேன். என்ன எழுதினேன் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள் எழுதியது எல்லாம் நடந்தது. ஒரு வார்த்தை கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்கிறீர்கள். சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா ஒருமுறை அம்மா மேல் தம்ளரை வீசினார். மறுநாள் காலை அவரே டீ போட்டு அம்மா பக்கத்தில் வைத்தார். அம்மா எடுத்துக் குடித்தாள். முடிந்தது. அண்ணன் என்னை அடித்தால், சாயங்காலம் வந்து "சாப்பிட்டியா?" என்பான். அதுதான் மன்னிப்புக் கேட்பது. "சாப்பிட்டேன்" என்றால் மன்னித்தாயிற்று. "பசிக்கல" என்றால் இன்னும் கோபம் என்று அர்த்தம். எங்களுக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த வாரம் உங்களுக்கு ஒரு போர்வை அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. அது நான் கேட்ட 'சாப்பிட்டியா', அண்ணி. பதிலுக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சரி, பசிக்கவில்லை போல என்று இருந்துவிட்டேன். நீங்கள் வேறு பாஷை பேசும் வீட்டிலிருந்து வந்தவர், உங்களிடம் வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. உறைத்தது. கேட்டால் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு எல்லாப் பழியையும் ஒல்லி தலையில் போட்டேன். அவன் பொய் சொன்னதால்தானே நான் அப்படிச் சொன்னேன் என்று. அவன் உள்ளே இருக்கும்வரை என் பங்குக்கும் சேர்த்து அவன் அனுபவிக்கிறான் என்று ஒரு நிம்மதி. இரண்டாவது கட்டத்தில் குறி போடத் துடித்தது அதனால்தான்.

அவன் அன்றைக்குச் சொன்ன மீதியையும் எழுதுகிறேன். நான்தான் கேட்டேன், அண்ணன் அன்று காலை எப்படி இருந்தான் என்று.

"சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. 'கொக்கிக்காக வாங்கிக் கட்டிக்கிட்டேன்டா, ஊரு லிஃப்ட எல்லாம் சரிபண்றேன், வீட்டுல நான் துப்பில்லாதவன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. பலகைய மாட்டிட்டு, ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் எறங்கினாரு. அவரு கவனத்துல ஒரு குறையும் இல்லம்மா."

அண்ணன் சிரித்துக்கொண்டு போயிருக்கிறான், அண்ணி. உங்கள் சண்டையை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு மாதமாக இதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் நான் எவ்வளவு பெரிய பொய் சொன்னேன் என்று தெரிந்துவிடுமே என்று. பாருங்கள், ஒல்லிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

படிவத்தில் முதல் கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டேன். அவனை மன்னித்தேனா என்றால் தெரியாது. ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான்.

நான் சொன்னது தப்பு, அண்ணி. அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள். இந்த வாக்கியத்தை எழுத நான்கு தாள் கிழித்தேன், இன்னும் சரியாக வரவில்லை.

பாப்பா


ஜூன் 13

பாப்பா,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. பழிவாங்குவதாக நினைக்காதே. அவர் சிரித்துக்கொண்டு போனார் என்ற வரியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. கடையில் ஒரு நாள் முழுக்கத் தப்பான அளவில் லென்ஸ் வெட்டினேன்.

போர்வை நீ அனுப்பியது என்று தெரியும். இரக்கப்பட்டு அனுப்புகிறாய் என்று நினைத்து, சபையில் ஒரு வயதானவருக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு உங்கள் பாஷை தெரியவில்லை. பதினோரு வருஷம் அங்கே சாப்பிட்டும் தெரியவில்லை.

ஒல்லியை விட்டுவிட்டார்கள். போன சனிக்கிழமை மத்தியானம் வந்தான். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் பாதி திறந்தேன். ஆறு மாடி ஏறியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அவனும் லிஃப்டில் வரவில்லை.

"நீங்க மன்னிச்சிட்டதா சபையில சொன்னீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. என்கிட்ட நேர்ல ஒரு தடவ சொல்லுவீங்களாக்கா?"

இருநூறு பேர் முன்னால் சொன்னவள் நான். ஒருவன் முன்னால் வாய் வரவில்லை, பாப்பா. அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் கையால் ஸ்விட்சைப் போட்டிருப்பான் என்றுதான் நினைப்பு ஓடியது. கதவைச் சாத்திவிட்டேன். ஒரு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர். "வாயால சொல்லுங்கம்மா, மனசு பின்னால வரும்" என்றார். "சொல்லி அஞ்சு மாசம் ஆச்சு, ஐயா. இன்னும் வரல" என்றேன். கட்டளை என்று உனக்குப் பெரிதாக எழுதினேன். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது என் நாக்கு மட்டும்தான்.

அதனால் உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மன்னித்தேன் என்று எழுதுவது சுலபம். உனக்குப் பொய் எழுத மனசில்லை. வா என்று எழுதவும் வரவில்லை, வராதே என்றும் வரவில்லை.

அண்ணி


ஜூன் 20

அண்ணி,

அடுத்த மாதம் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை வண்டியில் வருகிறேன். கேட்க வேண்டியதை நேரில் கேட்டுவிட வேண்டும். கடிதத்தில் கேட்டது கூண்டுக்குள்ளிருந்து கேட்ட மாதிரிதான் இருக்கிறது.

சங்கிலியைக் கழற்ற முடியாவிட்டால் கழற்ற வேண்டாம். படியில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவேன். அப்புறம் மறுபடி லீவு கிடைக்கும்போது வருவேன்.

பாப்பா


ஜூலை 5

பாப்பா,

நீ போய் இரண்டு நாள் ஆகிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

வாசலில் உன்னைப் பார்த்ததும், இவள் எப்போது இவ்வளவு இளைத்தாள் என்றுதான் முதலில் தோன்றியது. சங்கிலியை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. நீ உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், பையைக் கீழே வைக்காமல், நின்றபடியே சொன்னாய். "அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது பொய். தெரிஞ்ச பிறகும் வாயத் திறக்கல. என்ன மன்னிச்சிடுங்க."

"இப்ப வரல, பாப்பா" என்றேன்.

"சரி" என்றாய். முகம் சுளிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாய். அந்தச் 'சரி'க்கு நான் உனக்குக் கடன்பட்டவள். இந்த நாலு வருஷத்தில் என்னை யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் சாயங்காலம் வரை பேசினோமே. தான் சரிபண்ணின லிஃப்டில் அவர் ஏறவே மாட்டாரே என்று நீ ஆரம்பித்தாய். ஏன் என்று கேட்டால், "என் வேல எப்படின்னு எனக்குத் தெரியாதா?" என்பார் என்று நான் முடித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நீ அழுதாய், நானும் அழுதேன். அவரை உயிரோடு தெரிந்தவர் யாரும் இந்த அறையில் என்னோடு உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! சபையில் எல்லாருக்கும் அவர் என் சாட்சியில் வருகிற ஒரு ஆள். உனக்கு அண்ணன்.

ஒல்லிக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மறுபடி வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வேன். இப்போதைக்கு அவ்வளவு தூரம்தான் முடியும்.

இந்தக் கடிதம் வேறொன்றுக்காக. கிளம்பும்போது நீ படியில் நின்று திரும்பிப் பார்த்து, "வரேன், அண்ணி" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. ஆறு மாடியும் நீ இறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். கண்ணாடி வாங்க வருகிற முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் யோசிக்காமல் நான் சொல்லும் வார்த்தை அது. உனக்கு மட்டும் சொல்ல வரவில்லை. நீ தெருவைக் கடந்து போகும் வரை ஜன்னலில் நின்று பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது வந்தது. காலிப் படிக்கட்டில் நின்று சத்தமாகவே சொன்னேன். உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

போயிட்டு வா, பாப்பா.

அண்ணி